மூன்று மொழிப் போத்தல்

அந்தக் காகிதத்தை ஒட்டும்போது சிவநேசனுக்குக் கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் சீட்டியடித்துக்கொண்டுதான் ஒட்டினான்.

கிள்ளானில், ஒரு பழைய மலிவு விலை அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் அவன் வீடு. மனைவி சீதாலெட்சுமி மேரு பக்கம் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஒரே மகள் ரோகிணி, வயது ஆறு, பாலர் பள்ளி. சிவநேசன் புக்கிட் திங்கியில் ஒரு காண்டோ குடியிருப்பில் நீச்சல் குளத்தையும் அதைச் சுற்றியுள்ள டைல்ஸையும் கழுவும் ஆள். வாரக் கடைசியில் தரை வீடுகளுக்குப் போய்க் குளியலறை கழுவிக்கொடுப்பான். அதற்கு வேண்டிய திரவத்தை, கூட வேலை செய்யும் முகமது ரஃபீக்கோடு சேர்ந்து செலாயாங்கில் ஒரு கடையில் பெரிய டிரம்மாக வாங்கிவிடுவான். டிரம் காண்டோவின் பம்ப் அறையில் இருக்கும், அதை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோக முடியாது. அதனால் குடித்துப் போட்ட ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தல்களில் ஊற்றி எடுத்துக்கொள்வது வழக்கம். இளஞ்சிவப்பு நிறம். அவர்கள் அதை ‘டைல்ஸ் தண்ணி’ என்பார்கள். கறை எப்பேர்ப்பட்டதாக இருந்தாலும் போய்விடும். கையுறை போடாமல் தொட்டால் விரல் நுனி வெள்ளையாகித் தோல் உரியும்.

“குடிக்கிற போத்தல்ல ஊத்தாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? பிள்ள இருக்கிற வீடு லா இது” என்றாள் சீதாலெட்சுமி, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில்.

“பிள்ள என்ன எழுத்து தெரியாத பிள்ளையா? நூறு வார்த்த படிக்குது. எழுதி ஒட்டிடுறேன், போ.”

எழுதி ஒட்டினான். ஒரு மொழியில் இல்லை, மூன்று மொழியில். தமிழில் ‘ஆபத்து’, மலாயில் ‘பஹாயா’, ஆங்கிலத்தில் ‘டேஞ்சர்’. எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாதே என்று மகள் பள்ளியில் படிக்கும் வார்த்தை அட்டைகளிலிருந்து அந்த மூன்றையும் எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து, தடித்த மார்க்கரில் எழுதினான். மேலே ஒட்டு நாடாவைச் சுற்றினான். துணி துவைக்கும் இடத்தில், மெஷினுக்குப் பின்னால் இதுவரை ஒளித்து வைத்திருந்த போத்தலை முன்னுக்கு இழுத்து, எழுத்து நன்றாகத் தெரியும்படி திருப்பி வைத்தான்.

“ரோகிணி, இங்க வா. இத படி.”

அவள் ஓடி வந்து, கைகளைப் பின்னால் கட்டி, நெஞ்சை நிமிர்த்தி ஒரே மூச்சில் படித்தாள். “ஆபத்து! பஹாயா! டேஞ்சர்!” படித்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். சிவநேசன் கை தட்டினான். இன்னொரு தடவை படிக்கச் சொல்லி, அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, குடும்பக் குழுவுக்கு அனுப்பினான். பந்திங்கிலிருந்து தங்கச்சி ஏழெட்டு இதயம் போட்டாள்.

அவன் பெருமைப்பட்டதில் தப்பு சொல்ல முடியாது. அவனுடைய வம்சத்தில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவத்தைத் தாண்டியவர் யாருமில்லை. அவனே மூன்றாம் படிவத்தோடு நின்றவன். லோரியில் மூட்டை தூக்கினான், கார் கழுவினான், பத்து வருஷம் அலைந்து இந்தக் காண்டோ வேலைக்கு வந்தான். மகள் பல்கலைக்கழகத்தில் கறுப்பு அங்கி போட்டு நிற்கும் படத்தை மாட்ட, ஹாலில் டிவிக்கு மேலே ஆணி ஒன்று அடித்து வைத்திருந்தான். அதில் இப்போதைக்கு நாள்காட்டி தொங்கியது.

ரோகிணியின் பாலர் பள்ளி பேர் பெற்றது. அங்கே படிப்பு நடக்கும் விதமே தனி. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூன்று அட்டை, மூன்று மொழி. டீச்சர் ‘மழை’ என்று அட்டையைத் தூக்கினால் பிள்ளைகள் ‘மழை, ஹூஜான், ரெயின்’ என்று கத்த வேண்டும். ‘வீடு, ரூமா, ஹவுஸ்.’ வெள்ளிக்கிழமை வாசிப்பு நாள். பிள்ளை ஒரு ஸ்டூல் மேல் ஏறி நிற்கும், டீச்சர் ரமணி அட்டைகளைச் சீட்டுக்கட்டு போலப் புரட்டுவார், கைக்கடிகாரம் ஓடும். சரியாகச் சொல்லி முடித்தால் வகுப்பு முழுக்கக் கை தட்டும், பிள்ளைக்கு ஒரு சின்னக் கோப்பையில் ரோஸ் சிராப் கிடைக்கும். நூறு வார்த்தையை ரோகிணி இரண்டு நிமிடத்துக்குள் சொன்னாள். அந்தப் பள்ளியில் அது ரெக்கார்டு. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்த சிவநேசனும் கை தட்டினான்.

அவனுக்கும் ஒரு காலத்தில் மனப்பாடம்தான் கை கொடுத்தது. கை கொடுத்தது என்று அவன் சொல்லிக்கொள்வான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுச் சோதனைக்குத் தன்கதைக் கட்டுரை கட்டாயம் வரும் என்று வாத்தியார் ‘நான் ஒரு குடை’ என்ற கட்டுரையை எல்லாருக்கும் எழுதிப் போட்டார். சிவநேசன் ஒரு மாதம் அதை முணுமுணுத்துக்கொண்டே திரிந்தான். சோதனையில் வந்தது ‘நான் ஒரு மிதிவண்டி’. அவன் கலங்கவில்லை. குடை என்று இருந்த இடத்திலெல்லாம் மிதிவண்டி என்று மாற்றிவிட்டான். ‘மழை வந்தால் என் எசமானர் என்னை விரித்துத் தலைக்கு மேலே பிடித்துக்கொள்வார்’ என்று எழுதிவிட்டு நிம்மதியாக வெளியே வந்தான். இந்தக் கதையை அவனே சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். காண்டோ வேலைக்குச் சேர்ந்தபோது நடந்த பாதுகாப்புப் பயிற்சியிலும் இதே கதைதான். மலாயில் பன்னிரண்டு விதிகள். ஒரே இரவில் உரு போட்டு ஒப்பித்து, பயிற்சி முடித்த அட்டையை வாங்கிவிட்டான். அந்த விதிகளை இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

செவ்வாய்க்கிழமை. மத்தியானம் ஒரு மணி. குளத்துப் பம்ப் அறைக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து சிவநேசனும் ரஃபீக்கும் பொட்டலச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரஃபீக் ராமநாதபுரத்துக்காரன். வேலை பெர்மிட்டில் வந்து நான்கு வருஷம் ஆகிறது. சிவநேசனைவிட எட்டு வயது சின்னவன். ஆனாலும் சிவநேசன் அவனைக் கிண்டலுக்காக ‘பாய்’ என்றுதான் கூப்பிடுவான்.

“வீடியோ பாத்தியா பாய்? பிள்ள எப்படி படிச்சிச்சு?”

“பாத்தேண்ணே. மாஷா அல்லா. குரலே கணீர்னு இருக்கு.” ரஃபீக் ஒரு கவளம் வாயில் போட்டு மென்றான். அப்புறம் மெதுவாகக் கேட்டான். “அது என்ன போத்தல்ணே? நம்ம டைல்ஸ் தண்ணியா?”

“ஆமா. அதான் எழுதி ஒட்டிட்டேனே.”

“எழுதிட்டீங்க. பிள்ள படிச்சிட்டா. ஆபத்துன்னா என்னன்னு அவகிட்ட கேட்டீங்களா?”

சிவநேசனுக்குச் சுருக்கென்றது. “ஏன், தெரியாமயா படிக்கும்? ஓங்க ஊருல பிள்ளைங்க அர்த்தம் தெரியாமத்தான் ஓதுமோ?”

ரஃபீக் கோபப்படவில்லை. “நான் அர்த்தம் தெரியாமத்தாண்ணே ஓத ஆரம்பிச்சேன். அர்த்தம் பெரியவனான பின்னாடி வந்துச்சு. அது வேற. அத ஓதுறதுக்கே ஒரு மரியாத இருக்கு, அர்த்தம் வர்ற வரைக்கும் அது காத்துக்கிட்டு இருக்கும். போத்தல்ல ஒட்டுன காகிதம் காத்துக்கிட்டு இருக்காதுண்ணே.”

“பெரிய உஸ்தாத் மாதிரி பேசாத லா. இரு, இப்பவே கேப்போம். நீயே கேளு.”

ரோகிணியைப் பள்ளி வேன் பன்னிரண்டரைக்கு இறக்கிவிடும். எதிர்வீட்டு மாதவிதான் பார்த்துக்கொள்வாள். கணவனை இழந்தவள். வீட்டிலேயே முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறாள். அவளுக்கு ஒரு மகன், கிஷன், நான்கு வயது. இரண்டு பிள்ளைகளும் இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருக்கும். சிவநேசன் மாதவியின் எண்ணுக்கு அடித்தான். கைப்பேசியை ரோகிணிதான் எடுத்தாள். சிவநேசன் ஸ்பீக்கரைப் போட்டான்.

“ஹலோ, அப்பாவா? நான் பிஸியா இருக்கேன்.”

ரஃபீக் சிரித்துவிட்டான். “என்ன பிஸி?” என்றான் சிவநேசன். “அத்த எங்க?”

“அத்த முறுக்கு சுடுறாங்க. எண்ண இருக்கு, கிட்ட வராதன்னு போன குடுத்து அனுப்பிட்டாங்க. நாங்க நம்ம வீட்டுல இருக்கோம். ஸ்கூல் நடக்குது. நான்தான் டீச்சர்.”

“சரிங்க டீச்சர். ரஃபீக் மாமா ஒண்ணு கேக்கறாரு, பதில் சொல்லுங்க. ஆபத்துன்னா என்ன?”

“பஹாயா!”

சிவநேசன் ரஃபீக்கைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். ரஃபீக் கைப்பேசியின் பக்கம் குனிந்தான். “சரிம்மா. பஹாயான்னா என்ன?”

“டேஞ்சர்!”

“டேஞ்சர்னா?”

“ஆபத்து!” இதுகூடத் தெரியாதா என்கிற அலுப்பு அந்தக் குரலில் இருந்தது.

சிவநேசனின் புருவம் தானாக இறங்கியது. ஏதோ ஒரு கதவைத் திறந்தால் அடுத்த அறை, அடுத்த அறையைத் திறந்தால் இன்னொன்று, அதையும் திறந்தால் மறுபடி முதல் அறை. எந்த அறையிலும் ஒரு நாற்காலிகூட இல்லை என்பதுபோல் இருந்தது. சோற்றுக் கையோடு கைப்பேசியை எடுத்து வாயருகே கொண்டுபோனான்.

“ரோகிணி, அப்பா சொல்றத கேளு. ஆபத்து வந்தா நாம என்னம்மா செய்யணும்?”

“ம்ம்ம்...” என்று இழுத்தாள். யோசிக்கிறாள். அப்புறம் சொன்னாள். “கை தட்டணும்.”

வெயில் குளத்துத் தண்ணீரில் பட்டுச் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. ரஃபீக் எழுந்து நின்றுவிட்டான். எதற்கு எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது.

அந்தப் பக்கத்தில் ஒரு பொடிக் குரல் கேட்டது. “டீச்சர், எனக்கு சிராப்.”

“இரு கிஷன். மூடி டைட்டா இருக்கு.”

“எந்த மூடி?” என்றான் சிவநேசன்.

“அப்பா போத்தல் மூடி. அதுலதான் வார்த்த ஒட்டியிருக்கு, அதுலதான் படிச்சோம். கிஷன் மூணும் கரெக்ட்டா சொல்லிட்டான்பா! அதான் சிராப். ஆ... தொறந்துடுச்சு.”

மறைத்து வைத்திருந்தவரை அந்தப் போத்தலை அவள் திரும்பிப் பார்த்ததுகூட இல்லை. எழுத்து ஒட்டியதும் அவளுக்கு அது பள்ளிக்கூடச் சாமான் ஆகிவிட்டது. அட்டை இருக்கிறது, படிக்க வேண்டும். படித்தால் இளஞ்சிவப்பாகக் குடிக்கக் கிடைக்கும். ஒரு வருஷமாக அவளுக்கு நடந்தது அதுதான்.

“ரோகிணி!” சிவநேசன் கத்திய கத்தலில் குளத்துக்கு அக்கரையில் இருந்த காவல்காரர் திரும்பிப் பார்த்தார். “வேணாம்! கீழ வை! அது ஆபத்து! ஆபத்து!”

“பஹாயா! டேஞ்சர்!” என்றது ரோகிணியின் குரல், உற்சாகமாக. பின்னாலேயே கிஷனின் குரல், “பகாயா! டேஞ்சர்!” அதற்குப் பின்னால் இரண்டு சோடிப் பிஞ்சுக் கைகள் தட்டும் சத்தம்.

அப்பா விளையாட்டில் சேர்ந்துகொண்டார் என்று நினைத்துவிட்டாள்.

சிவநேசன் தன் முப்பத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு வெறுமையைக் கண்டதில்லை. கையில் இருக்கிற ஒரே வார்த்தை அவ்வளவு பெரிய வார்த்தை, ஆனால் அதற்குள் ஒன்றுமே இல்லை. மோசம் என்று சொன்னால்? விஷம் என்றால்? செத்துப் போயிடுவான் என்றால்? இவளுக்கு எது தெரியும்? இவள் எதைப் பட்டு அறிந்திருக்கிறாள்? போன தீபாவளிக்கு மோட்டாரிலிருந்து இறங்கும்போது சைலன்சரில் கெண்டைக்கால் ஒட்டிக்கொண்டதும், மூன்று நாள் தூங்காமல் அழுததும் மின்னல் போல் வந்தன.

“ரோகிணி, மோட்டார் பைப்பு! கால்ல பட்டுச்சில்ல, மோட்டார் பைப்பு, அந்த மாதிரி! அந்தத் தண்ணி சுடும்மா! கிஷன் வாயி சுட்டுடும்!”

கை தட்டல் நின்றது. மூச்சை உள்ளே இழுக்கும் ஒரு சின்னச் சத்தம். அவளுக்குப் புரிந்துவிட்டது. சுடுகிற ஒன்றைப் பிடித்திருக்கிறோம் என்று புரிந்த கை எதைச் செய்யுமோ அதைச் செய்தது, போத்தலை உதறியது. தொப்பென்று ஏதோ விழுந்தது. கிஷன் அலறினான். மனிதக் குரல் மாதிரியே இல்லாத அலறல். கைப்பேசியும் விழுந்திருக்க வேண்டும், தொடர்பு அறுந்தது.

சிவநேசன் கை கழுவவில்லை. “டிரம்மு பக்கத்துலயே இரு பாய், எங்கயும் போகாத” என்று ஏன் சொன்னான் என்று தெரியாமலே சொல்லிவிட்டு மோட்டாரை எடுத்தான். சீதாலெட்சுமிக்கு அடித்துப் பயனில்லை. தொழிற்சாலைக்குள் கைப்பேசி கொண்டுபோக விடமாட்டார்கள். வழியெல்லாம் விளக்குகள் சிவப்பு. எந்த விளக்கில் நின்றான், எதில் நிற்கவில்லை என்று அவனுக்கு நினைவில்லை. லிப்டுக்காக நின்ற அரை நிமிடம்தான் நினைவில் நின்றது. கதவில் யாரோ குத்தகைக்காரன் ஒட்டிய விளம்பரத்தை அவன் எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தான், ஒரு வார்த்தைகூட மண்டைக்குள் போகவில்லை.

வீட்டு வாசலிலேயே மூக்கை எரித்தது. துணி துவைக்கும் இடத்தின் சிமெண்டுத் தரை புகைந்து நுரைத்துக்கொண்டிருந்தது. போத்தல் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் கோப்பைகள், வரிசையாக வைக்கப்பட்டபடி, காலியாக. அந்தக் கோப்பைகள் காலியாக இருந்ததைக் கண்டு, குடித்துவிட்டார்கள் என்று நினைத்து ஒன்றை எடுத்துப் பார்த்தான், உள்ளே ஈரமில்லை. அப்புறம்தான் புரிந்தது, இன்னும் ஊற்றவே இல்லை.

குளியலறையில் மாதவி மகனை மடியில் போட்டுக் குழாய்த் தண்ணீரை அவன் முகத்தில் விட்டுக்கொண்டே இருந்தாள். கையெல்லாம் முறுக்கு மாவு. எண்ணெய்ச் சட்டியோடு புழங்குகிறவள் என்பதால் பட்ட இடத்தில் தண்ணீரை நிறுத்தக் கூடாது என்று தெரிந்திருந்தது. கிஷனின் வலது பாதம் வெந்த மீன் மாதிரி வெளுத்திருந்தது. வலது கண்ணை அவன் திறக்கவில்லை. திறக்கச் சொல்லும்போதெல்லாம் துள்ளினான்.

“அக்கா...” என்றான் சிவநேசன்.

“கார்” என்றாள் மாதவி.

கீழ் மாடியில் இருந்த ஜெயராஜ் அங்கிள் பனியனோடே ஓடிவந்து காரை எடுத்தார். ரோகிணியைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது. அவளும் ஏறிக்கொண்டாள். அவள் மேல் ஒரு துளியும் படவில்லை. சீட்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் சட்டைக்குள் இழுத்து மறைத்து வைத்திருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கிஷனை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் ஓர் இளம் பெண் டாக்டர் வெளியே வந்தார். தமிழ்ப் பெண்.

“யாரு அந்த போத்தல் வச்சிருந்தது?”

“நான்தான் டாக்டர்.”

“உள்ள என்ன இருந்துச்சுண்ணே? ஆசிட்டா, வேறயா? எவ்வளவு ஸ்ட்ராங்?”

சிவநேசன் வாயைத் திறந்தான். “டைல்ஸ் தண்ணி டாக்டர்.”

“அதுக்குப் பேரு இருக்குமில்ல? டிரம்ல என்ன போட்டிருக்கும்?”

நான்கு வருஷமாகத் தினமும் பார்க்கிற டிரம். அவன் கண்ணை மூடிப் பார்த்தான். நீல நிறம் தெரிந்தது, மூடி தெரிந்தது, பக்கவாட்டில் ஒட்டிய பெரிய காகிதம் தெரிந்தது. அதில் இருந்தது மட்டும் தெரியவில்லை. பதற்றத்தில் வாய் தானாக ஓடத் தொடங்கியது. பயிற்சியில் உரு போட்ட பன்னிரண்டு விதிகள். மலாயில், அட்சரம் பிசகாமல். கையுறை அணிய வேண்டும். கண்ணாடி அணிய வேண்டும். காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். உணவுப் பாத்திரங்களில் ஊற்றக் கூடாது...

அந்த விதிக்கு வந்ததும் அவன் குரல் நின்றுவிட்டது. ஒன்பதாவது விதி. எத்தனை தடவை ஒப்பித்திருப்பான். உணவுப் பாத்திரம் என்றால் தண்ணீர் போத்தல் என்று அவன் காது ஒருநாளும் கேட்டதில்லை.

டாக்டர் அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான். “அதெல்லாம் சரிண்ணே. உள்ள என்ன இருந்துச்சு? அது தெரிஞ்சாத்தான் நல்லது. சீக்கிரம்.”

ரஃபீக்குக்கு அடித்தான். ரஃபீக் டிரம்மை விட்டு நகராமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அரை நிமிடத்தில் படம் வந்தது. டாக்டர் கைப்பேசியை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் படித்து, தலையாட்டிவிட்டு, ஓட்டமாக உள்ளே போனார்.

கைப்பேசி திரும்பக் கைக்கு வந்தபோது சிவநேசன் அந்தப் படத்தைப் பார்த்தான். ஆங்கிலத்தில் பொடிப் பொடியாக என்னென்னவோ. அவற்றுக்கு நடுவில், சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு சித்திரம். சாய்ந்த குழாயிலிருந்து துளிகள் சொட்டுகின்றன. கீழே ஒரு கை. துளி விழுந்த இடத்தில் கையில் குழி விழுந்து சதை கரைகிறது. எந்த மொழியும் வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளை பார்த்தால் கையை இழுத்துக்கொள்ளும். நான்கு வயதுப் பிள்ளையும் இழுத்துக்கொள்ளும். அந்தச் சித்திரம் நான்கு வருஷமாக அவன் தோளுயரத்தில் இருந்திருக்கிறது. மூன்று மொழியில் எழுதினவன் இதை மட்டும் போத்தலுக்குக் கொண்டுவரவில்லை.

சாயங்காலம் சீதாலெட்சுமி தொழிற்சாலை உடையோடே வந்து சேர்ந்தாள். யார் என்ன சொல்லியிருந்தார்களோ, வந்தவுடன் ரோகிணியின் வாயைத் திறந்து பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், கைகளைப் பார்த்தாள். கணவனைத் தாண்டி நடந்தாள். மாதவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ராத்திரிக்கு முன்னாலேயே டாக்டர் சொல்லிவிட்டார். பாதம் ஆறிவிடும், வடு இருக்கும். உள்ளே எதுவும் போகவில்லை. கண்ணில் தெறித்திருக்கிறது. தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தது நல்லதாயிற்று. ஆனாலும் பார்வை எவ்வளவு மிஞ்சும் என்பதை இப்போது சொல்ல முடியாது. வாரா வாரம் வர வேண்டும், ஆறு வாரம் போனால்தான் தெரியும்.

அடுத்த நாள் சிவநேசன் வேலைக்குப் போய், டிரம்மின் முன்னால் உட்கார்ந்து, கைப்பேசியில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு அந்தக் காகிதத்தை வரி வரியாகப் படித்தான். ரஃபீக்கும் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் ஆனது. சூப்பர்வைசர் வந்து, குளம் கழுவச் சொன்னால் பள்ளிக்கூடம் நடத்துகிறீர்களா என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ரோகிணி பள்ளிக்குப் போகமாட்டேன் என்றாள். ரமணி டீச்சர் போன் செய்தார். “சார், அடுத்த மாசம் கான்செர்ட். அவ நூத்தம்பது வார்த்த சொல்லப்போறான்னு பேரன்ட்ஸ்கிட்டல்லாம் சொல்லிட்டேன்” என்றார். அந்தம்மாவும் பாவம், இருபத்தைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெற்றோர் கேட்டதைத்தான் கொடுத்தார். கேட்ட பெற்றோரில் முதல் ஆள் சிவநேசன். “பிள்ள சொல்லாது டீச்சர். கொஞ்ச நாளைக்கு அவள ஸ்டூல்ல ஏத்தாதீங்க” என்று சொல்லி வைத்துவிட்டான்.

ரோகிணி பேசுவது குறைந்துபோனது. பேசினால் கேள்விதான். அந்தத் தண்ணி ஏன் சுடுது, நெருப்பே இல்லையே? கண்ணுக்குள்ள போனா வெளிய எடுக்க முடியாதா? கிஷன் தூங்கறப்பவும் வலிக்குமா? தெரிந்ததைச் சிவநேசன் சொன்னான். தெரியாததைத் தெரியாது என்றான். தெரியாது என்று மகளிடம் சொல்ல அவனுக்கு முதலில் நாக்கு வரவில்லை, போகப் போக வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, கிஷனைக் கண் சோதனைக்குக் கொண்டுபோகும் நாள். சிவநேசனும் சீதாலெட்சுமியும் விடுப்பு போட்டிருந்தார்கள். காலையில் சிவநேசன் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது ரோகிணி பக்கத்தில் வந்து நின்றாள்.

“அப்பா.”

“ம்.”

“கிஷன் கண்ண நான்தான் அப்படிப் பண்ணேனா?”

ஆறு வயதுக்கு அது பெரிய கேள்வி. எந்த அட்டையிலும் அது இல்லை, யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. ஒரு வாரமாகத் தனியாக யோசித்துத் தானே வந்து சேர்ந்திருக்கிறாள். சப்பாத்துக் கயிறு சிவநேசனின் விரலில் சிக்கிக்கொண்டது.

“இல்லம்மா. நான்.”

அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா சொல்வது நிஜமா, சமாதானமா என்று பார்த்தாள்.

“நான்தான்” என்றான் மறுபடியும். “நீ போத்தல விட்டது தப்பில்ல. அப்பா வச்சதுதான் தப்பு.”

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மாதவி, தோளில் கிஷன். வலது கண்ணில் வெள்ளைக் கட்டு. இன்னொரு கண்ணால் அவன் ரோகிணியைப் பார்த்துவிட்டு, அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ரோகிணி கையை உயர்த்தப் போனாள், பாதியில் இறக்கிவிட்டாள்.

“அக்கா, நானும் வர்றேன்” என்றான் சிவநேசன்.

மாதவி கையிலிருந்த பையைத் தரையில் வைத்தாள். கதவைப் பூட்டினாள். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். லிப்டை நோக்கி நடந்தாள். மூன்றடி பின்னால், அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு, சிவநேசன் நடந்தான்.